அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்

பள்ளிக்கூடம் விட்டு மகள் வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் இப்போது ஒன்றாம் வகுப்பு. பையை அவளே மாட்டிக்கொள்கிறாள், டிபன் பாக்ஸில் என்ன வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறாள். ஆனாலும் பாட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால்தான் எனக்கு மனசு அடங்கும். நிறைந்து இருந்தால் "தண்ணி குடிக்கலையாடா?" என்று கேட்பதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும். "மறந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் விளையாட ஓடிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அது வெறும் பாட்டில். எனக்கு அது 2022ஆம் வருடம். இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். சேர்க்கைக் காலம் வந்தால் அலுவலகத்தில் யாராவது "ப்ரீஸ்கூல் எது நல்லா இருக்கும்?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், "நேரில் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் நானும் நேரில் போய்ப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

அம்மு பிறந்தது 2019 ஏப்ரலில். அந்த வருடத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடக்க ஆரம்பித்த நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் சிவன்செட்டி கார்டனில் மூன்றாவது மாடி. அடுத்த வீட்டுக் கன்னடம், கீழ்வீட்டு உருது, தெருமுனைக் கடைக்காரரின் தெலுங்கு என்று பெங்களூரில் பிள்ளைகள் காதில் தானாக விழுகிற எதுவும் அவள் காதில் விழவில்லை. விழுந்ததெல்லாம் எங்கள் தமிழும், வேலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கிய என் மாமியாரின் தமிழும்தான். அந்தத் தமிழில் அவள் ஓயாமல் பேசினாள். மூன்று வயது முடிவதற்குள் "நிலா ஏன் அத்தை வீட்டுக்கும் வருது?" என்று கேட்டாள். குழம்பில் இருக்கிற முருங்கைக்காயை எண்ணி ஆளுக்கு இத்தனை என்று பங்கு பிரித்தாள். அவளுடைய வாய் ஓய்ந்தால்தான் வீட்டில் குக்கர் விசில் கேட்கும் என்று அத்தை, அதாவது என் மாமியார், சொல்வார்.

இதையெல்லாம் ரசித்துக்கொண்டே நான் பயந்தேன். அடுக்ககத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் "மம்மா, லுக்!" என்று ஓடுவதைப் பார்க்கும்போது, நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று வயிற்றைப் பிசையும். ஐந்து இடங்களைப் பார்த்தோம். கடைசியில் இந்திராநகரில், ஒரு பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். வாசல் பலகையில் 'மாண்டிசோரி' என்று இருந்தது. உள்ளே மர அடுக்குகள், மணல் தொட்டி, வேப்பமரத்தில் கட்டிய கயிற்று ஊஞ்சல். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கழிப்பறை. பிள்ளைகள் உயரத்துக்குச் சின்னச் சின்ன கமோடுகள், முழங்கால் உயரத்தில் வாஷ்பேசின், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மீன் படம். இவ்வளவு யோசித்துக் கட்டியவர்கள் பிள்ளைகளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று கணவரிடம் சொன்னேன். மாமனாருக்கு மூட்டு வலி என்று அத்தை ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் மாலை நாலரை வரை டே கேரும் அங்கேயே. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். யோசித்துத்தான் கட்டினோம். கட்டிய பிறகு நிம்மதியாக இருந்தது.

ஜூனில் முதல் பத்து நாள் அழுதாள். எல்லாப் பிள்ளையும் அழும். பதினோராம் நாள் அழவில்லை. "செட் ஆயிட்டா" என்று மிஸ் சொன்னார், நாங்களும் வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னோம். தினமும் மதியம் பள்ளியின் ஆப்பில் படங்கள் வரும். நீல ஏப்ரன் போட்டுக்கொண்டு களிமண் உருட்டுகிறாள், வட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள், ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறாள். படம் வந்த அடுத்த நிமிடம் அதை குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். அத்தை அதை ஸ்டேட்டஸ் வைப்பார். காலையில் அவளை ஸ்கூட்டரில் விடுவது கணவர். அல்சூர் ஏரிப் பக்கம் போகும்போது திருவள்ளுவர் சிலையைப் பார்த்து "தாடித் தாத்தா, டாட்டா" என்று கத்துவாளாம். பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை அது. என் கல்லூரி நாட்களில் அந்தத் திறப்பு ஊரெல்லாம் பேச்சு. அவளுக்கு அவர் வெறும் தாடித் தாத்தா. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் கணவர் சொன்னார்: "இப்பல்லாம் தாத்தாவுக்கு டாட்டா சொல்றதே இல்ல. சும்மா பிடிச்சிட்டு உக்காந்திருக்கா." வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தோம்.

பாட்டில்

இரண்டரை வயதிலேயே டயப்பரை விட்டவள் அவள். ஜூலையில் இரண்டு முறை ஈரத் துணி பையில் வந்தது. ஆப்பில் ஒரு குறிப்பும் வந்தது: டாய்லெட் ட்ரெயினிங்கை வீட்டில் கவனிக்கவும். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று இரவு அவளை உட்கார வைத்து, "பெரிய பொண்ணு இப்படிச் செய்யலாமா? வந்தா மிஸ்கிட்ட சொல்லணும்னு தெரியாதா?" என்று கடிந்துகொண்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. என் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஈரத் துணி வரவில்லை. சொன்னது பலித்தது என்று நினைத்தேன்.

ஆனால் பாட்டில் நிறைந்தே வர ஆரம்பித்தது. காலையில் நான் ஊற்றிக் கொடுத்த அளவு, மூடியில் துளி ஈரம்கூட இல்லாமல் மாலையில் திரும்பி வரும். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைக்கு ஓடி இரண்டு டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பாள். பள்ளியில் கேட்டேன். "வீ ரிமைண்ட் ஹர்" என்றார்கள். பாட்டில் பிடிக்கவில்லையோ என்று ஸ்ட்ரா வைத்தது வாங்கினேன், யானை படம் போட்டது வாங்கினேன். அக்டோபர் முதல் வாரம் காய்ச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுதாள். குழந்தை மருத்துவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், இரண்டு நாளில் வந்த கல்ச்சர் அறிக்கையில் கிருமித் தொற்று. ஆன்டிபயாடிக் எழுதிவிட்டு அவர் நிதானமாகக் கேட்டார்: "ஸ்கூல்ல எத்தனை தடவை போறா?" எனக்குத் தெரியவில்லை. எத்தனை வண்ணம் தெரியும், எத்தனை எழுத்து தெரியும் என்று எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. சிறு பிள்ளைகள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் என்றும், அடக்கி வைத்தால், அதிலும் தண்ணீரும் குடிக்காமல் அடக்கினால், பெண் குழந்தைகளுக்கு இது சுலபமாக வரும் என்றும் அவர் சொன்னார்.

அன்று மாலை அவளுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "ஸ்கூல்ல ஏன்டா தண்ணி குடிக்கிறதில்ல?" அவள் எனக்குப் புரிய வைக்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. அப்புறம் கேக்கணும்."

அந்த 'அப்புறம் கேக்கணும்' எனக்கு அன்று புரியவில்லை. கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மிஸ் நல்லவிதமாகத்தான் பேசினார். "ஷீ நெவர் ஆஸ்க்ஸ், மேம். ஸ்நாக்ஸ் டைமில் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிப் போகிறோம். வரலைன்னு திரும்பி வந்துடுவா" என்றார். பின்னால் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளைக்கு வரும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆயா சொன்னது

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தைப் பிடித்தபடி ஆயா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நான்கு மாதமாக அவரைப் பார்க்கிறேன், அவர் என்னிடம் பேசியதில்லை. 'கம்', 'சிட்', 'வாஷ் ஹேண்ட்ஸ்' என்ற மூன்றுதான் அவர் பிள்ளைகளிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் தமிழ் பேசுவார் என்பதே எனக்குத் தெரியாது. கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை 2001இல் மூடிய பிறகு அங்கிருந்து தினமும் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவர். அவர் அப்பா சுரங்கத் தொழிலாளி என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அவர் கேட்டது இதுதான்: "பாப்பாவுக்கு ஒண்ணுக்கு எரியுதாமே, இப்ப பரவாயில்லையா?"

"மருந்து கொடுக்கறோம்க்கா. ஸ்கூல்ல கேக்கவே மாட்டேங்கறாளாம்."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. கேட்டுக்கிட்டுதாம்மா இருந்தா. 'ஒண்ணுக்கு வருது'ன்னு எழுந்து நிக்கும். மிஸ்ஸு, 'ஹவ் டு ஆஸ்க்?'னுவாங்க. 'மே ஐ கோ டு த வாஷ்ரூம்'னு முழுசா சொன்னாத்தான் போகணும். மத்த புள்ளைங்க சொல்லிக் காட்டும். இது பேந்தப் பேந்த முழிக்கும். வாய் வராது. அப்படியே உக்காந்துடும். ரெண்டு தடவை உக்காந்த எடத்துலயே போயிடுச்சு. எல்லாரும் 'யக்'னுச்சுங்க. அதுக்கப்புறம் கேக்கறதே இல்ல."

"நீங்களாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமேக்கா." கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

"தமிழு, கன்னடம் எதுலயும் புள்ளைங்ககிட்ட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. நாங்க பேசினா அதுங்களுக்கு இங்கிலீஷ் வராதாம். ஒரு நாள் தூக்கிட்டுப் போனேன். அதுக்கு..." என்று நிறுத்திக்கொண்டார். அப்புறம், "அந்தக் கன்னடப் பையன் ஒண்ணு இருக்கில்ல, அதுவும் இதே மாதிரிதான்" என்றார். உள்ளே யாரோ மணி அடிக்க, துடைப்பத்தோடு போய்விட்டார். அவர் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. வேறு நல்ல இடத்தில் இருக்கிறார் என்பது உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வாசலில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. 'தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். அப்புறம் கேக்கணும்.' மூன்றரை வயதுப் பிள்ளை, யாரிடமும் சொல்லாமல், தானே யோசித்துத் தனக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். தாகத்தைப் பொறுத்துக்கொண்டால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கலாம் என்று. அவள் முதலில் உதவி கேட்டது மிஸ்ஸிடம். கிடைக்கவில்லை. அடுத்து நான் கேட்டபோது முந்தானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அதையும் நான் கெடுத்தேன். மீதி இருந்த ஒரே வழியைத்தான் அவள் எடுத்தாள்.

அன்று இரவு ஆப்பைத் திறந்து ஜூனிலிருந்து எல்லாப் படங்களையும் திரும்பப் பார்த்தேன். ஒரு படத்தில் வட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். முன்பு பார்த்தபோது அவளுடைய இரட்டைப் பின்னலும் புது ஹேர்பேண்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பார்த்தால், மற்ற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இவள் இரண்டு கையாலும் கவுனைக் கொத்தாகப் பிடித்து, தொடைகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. எந்த அம்மாவுக்கும் ஒரு பார்வையில் தெரிகிற உட்காரல் அது. வீட்டில் அப்படி உட்கார்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அந்தப் படத்தை நான் "பாட்டு கத்துக்கறா" என்று எழுதி, சிவப்பு இதயம் வைத்து, குடும்பத்துக்கு அனுப்பியிருந்தேன். பதினோரு பேர் கைதட்டியிருந்தார்கள்.

என் கையெழுத்து

மறுநாள் சென்டர் ஹெட்டைப் பார்க்கக் கணவரும் வந்தார். ஆயாவின் பெயரை இழுக்காமல், மகளே சொன்னாள் என்று பேசினோம். அந்த அம்மா கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "இங்கே தெலுங்கு, இந்தி, பெங்காலி, மலையாளம் எல்லாம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொதுவாக ஒரு மொழி வேண்டாமா? ஆரம்பத்தில் கொஞ்சம் கஷ்டப்படுவார்கள், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள். பேரன்ட்ஸும் இதைத்தானே கேட்கிறார்கள்" என்றார். பிறகு ஒரு ஃபைலைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். சேர்க்கைப் படிவம். 'பள்ளியிடம் உங்கள் எதிர்பார்ப்பு' என்ற இடத்தில், வருடம் முடிவதற்குள் மகள் சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்து. வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று முதலில் எழுதி, கமா போட்டு, தமிழ் என்று எழுதியிருந்தேன். அது உண்மையில்லை என்று எனக்கு எழுதும்போதே தெரியும்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நான் அடங்கிப்போனேன். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போதுதான் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தது. பொது மொழி வேண்டும், சரி. பாட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும், கதை ஆங்கிலத்தில் இருக்கட்டும், வண்ணங்களின் பெயர் இருக்கட்டும். ஆனால் பசிக்கிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, ஒன்றுக்கு வருகிறது என்பதையெல்லாம் எந்த மொழியில் சொன்னாலும் ஒரு பெரியவர் எழுந்து வர வேண்டும். அதற்கு இலக்கணம் பார்க்கக் கூடாது. அந்தக் கட்டடத்தில் மகள் சொன்னது புரிகிற ஆள் இருந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு, கொஞ்சம் இந்தி என்று நான்கு மொழி பேசுகிறவர். அவரைத்தான் வாய் மூடச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளோடு பேசத் தகுந்த ஒரே ஆளை அவர்கள் துடைப்பத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

வாசல் பலகையில் பேர் இருந்த அந்த மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1907இல் ரோமில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அந்த வகுப்புகளை அவர் இத்தாலிய மொழியில்தான் நடத்தினார். அவர் பேசப் பேச மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். உலகமே கேட்க வந்த ஒரு பெரிய மனுஷி, தனக்கு வருகிற மொழியில் பேசினார், கேட்டவர்கள் காத்திருந்து புரிந்துகொண்டார்கள். அவர் பேர் போட்ட கட்டடத்தில் ஒரு குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது.

சட்டத்தில் ஏதாவது இருக்குமா என்றும் பார்த்தேன். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கவோ மனத்தளவில் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தருகிற உரிமை 6 முதல் 14 வயது வரைதான். மூன்றிலிருந்து ஆறு வரை அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு முடிகிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும், எங்கள் வீட்டில் ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்த அதே 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக் கலைத்திட்டமும், சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியில்தான் தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. படிக்க நன்றாக இருந்தது. இந்திராநகரின் அந்த வகுப்பறைக்குள் அது வரவில்லை. நானும் அல்லவா படிவத்தில் அதற்கு எதிராக எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் நிறுத்திவிட்டோம். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை, அதற்காக நாங்கள் சண்டை போடவும் இல்லை. அத்தை மாமனாரையும் கூட்டிக்கொண்டு வேலூரிலிருந்து வந்துவிட்டார். இரண்டு மாதம் அம்மு வீட்டில் இருந்தாள். முதல் வாரம், வீட்டிலேயே, பாத்ரூமுக்குப் போவதற்கு முன்னால் என் முன் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பாள். போகலாமா என்று கேட்க வருகிறாள் என்று புரிந்ததும் அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "நீ யாரையும் கேக்க வேணாம் கண்ணு, ஓடு" என்பார். அப்படி எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை.

ஜனவரியில் மர்ஃபி டவுன் பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடத்தும் சின்ன இடத்தில் சேர்த்தோம். பன்னிரண்டு பிள்ளைகள். பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆப் கிடையாது, மீன் படம் கிடையாது, கழிப்பறையில் ஒரு பக்கெட்டும் சின்ன ஸ்டூலும் இருந்தன. அங்கே நான் கேட்டது ஒரே கேள்வி: "ஒண்ணுக்கு வருதுன்னு தமிழ்ல சொன்னா உங்களுக்குப் புரியுமா?" அந்தக் கன்னட டீச்சர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பிள்ளை நெளியறது தெரியாதாம்மா? அதுக்குப் பாஷை எதுக்கு?" என்று உடைந்த தமிழில் சொன்னார்.

மூன்றாவது வாரம் இருக்கும். சாயந்திரம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விளையாடிக்கொண்டிருந்த அம்மு எழுந்து, "உச்சே பர்த்திதே, உச்சே பர்த்திதே" என்று ராகம் போட்டுக்கொண்டே பாத்ரூமுக்கு ஓடினாள். அத்தைக்குக் கன்னடம் வராது. "என்னடி சொல்லிட்டு ஓடறா?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு அவர் சிரித்தார். எழுந்து போய் அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அடியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் இருந்தது.